கசிவுக்கும் தீக்கும் இடையே ஒன்பது நாட்கள்

கொழும்புத் துறைமுகத்துக்கு வடமேற்கே, ஏறத்தாழ ஒன்பதரைக் கடல்மைல் தொலைவில் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ என்னும் கொள்கலன் கப்பலில் தீ மூண்டுள்ளதாக 2021 மே 20 ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கொடியின் கீழ்ப் பதிவாகியிருந்த அக்கப்பல் சேவைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 கொள்கலன்களில் இருந்தவை ஆபத்தான சரக்குகள் என வகைப்படுத்தப்பட்டவை. 25 தொன் நைத்திரிக்கமிலம், எரிசோடா, மெதனோல் ஆகியவற்றோடு, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் கப்பலில் இருந்தன. மே 25 ஆம் திகதி பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. பணியாளர் 25 பேரும் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 2 ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முற்பட்டபோது, கப்பலின் பின்பகுதி கடலடியில் தட்டி நின்றது.

அதன் பின்னர் நடந்தவற்றை நாடு அறியும். பமுனுகம, சரக்குவ கரைகளில் வெண்மணிகள் பனிக்கட்டித் துகள்போல் குவிந்தன. கடலாமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. களுத்துறை முதல் நீர்கொழும்பு வரையான கடலில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. பெருந்தொற்றுக்காலப் பயணக் கட்டுப்பாடுகளால் ஏற்கெனவே நலிந்திருந்த மீனவக் குடும்பங்கள், கடல் கண்ணெதிரே இருந்தும் தொழிலற்று இருந்தன.

இவ்வளவையும் அக்காலப் பத்திரிகைகள் விரிவாகவே எழுதின. ஆயின், தலைப்புச் செய்திகளுக்குக் கீழே ஒதுங்கிப்போன ஒரு திகதியையே நான் இங்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அது மே 11. நைத்திரிக்கமிலம் ஏற்றிய கொள்கலன் ஒன்று கசிவது அன்றே கண்டறியப்பட்டதாகக் கப்பல் தரப்பினர் வெளியிட்ட தகவல்கள் கூறின. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும், குஜராத்தின் ஹசீரா துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்க அனுமதி கோரப்பட்டது. இரண்டிடத்திலும் அது இறக்கப்படவில்லை. கசிவோடேயே கப்பல் கொழும்பை நோக்கி வந்தது.

மே 11 இலிருந்து மே 20 வரை ஒன்பது நாட்கள். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அந்நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் எல்லாம் ஒரேயடியாக நடந்ததுபோல் தோன்றியது. இவ்வாறு நீண்ட அமைதியும் திடீர்ச் சீற்றமுமாக ஓர் இரசாயனத் தாக்கம் நடந்துகொள்வது ஏன்? இக்கேள்விக்கான விடையைத் தேடிய வரலாறு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அவ்விடை பாடநூல்களில் ஏறியும் வெகுகாலமாகிவிட்டது.

நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். செய்தி எழுதிப் பழகியவன். ஆகவே இவ்வரலாற்றை எனக்குப் பழக்கமான வழியில், யார், எங்கே, எப்போது என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் மனிதர் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கைச் சேர்ந்த லூட்விக் வில்ஹெல்மி. 1850 இல் அவர் சீனிக் கரைசலில் அமிலத்தைச் சேர்த்து, சீனி சிதைவடையும் வேகத்தை ஒளியியற் கருவியொன்றால் அளந்தார். எஞ்சியுள்ள சீனியின் அளவு குறையக் குறைய, சிதைவின் வேகமும் அதே விகிதத்தில் குறைவதைக் கண்டார். தாக்கம் நிகழுமா என்பதோடு நில்லாது, எவ்வளவு விரைவாக நிகழும் என்பதையும் அளந்து, அதைச் சமன்பாடாக எழுதியது அதுவே முதன்முறை எனலாம். ஆயினும் அவருடைய கட்டுரை முப்பதாண்டுகளுக்கு மேலாக எவராலும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

1864 இல் நோர்வேயின் கட்டோ குல்ட்பேர்க், பீட்டர் வாகே என்னும் இருவர், தாக்கத்தின் வேகம் தாக்கிகளின் செறிவைப் பொறுத்தது என்ற விதியை வெளியிட்டனர். இருவரும் திருமண உறவால் மைத்துனர்கள். தங்கள் கட்டுரையை அவர்கள் நோர்வீஜிய மொழியில் எழுதினர். ஐரோப்பா அதைப் படிக்கவில்லை. 1867 இல் பிரெஞ்சிலும் 1879 இல் ஜேர்மனிலும் வெளிவந்த பின்னரே அவர்களுக்கு உரிய கவனம் கிட்டியது. சிறிய மொழியொன்றில் எழுதப்படும் உண்மைக்கு நேரும் கதி இதுவென்பது தமிழில் எழுதுவோருக்குப் புதிதன்று.

செறிவு கூடினால் வேகம் ஏன் கூடவேண்டும்? இதற்கு விடை மற்றொரு துறையிலிருந்து வந்தது. வாயுவின் துணிக்கைகள் ஓயாது ஓடி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருப்பவை என்று 1857 இல் ருடோல்ப் கிளௌசியஸ் விளக்கினார். டச்சு அறிஞர் பைஸ் பலோட் உடனே ஒரு தடை எழுப்பினார். மூலக்கூறுகள் அத்துணை வேகமாக ஓடுபவையாயின், அறையின் ஒரு மூலையில் எழும் மணம் மறுமூலையை அடைய ஏன் இவ்வளவு நேரமாகிறது என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதே. காற்றிலுள்ள ஒரு நைதரசன் மூலக்கூறு விநாடிக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். தடையின்றி ஓடினால் இருபது விநாடியிற் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆயினும் அடுத்த வீட்டில் மீன் பொரிக்கும் மணம் நம் வீட்டுக் கூடத்துக்கு வரச் சில நிமிடங்கள் செல்கின்றன. மூலக்கூறு நேராகச் செல்வதில்லை என்பதே 1858 இல் கிளௌசியஸ் அளித்த மறுமொழி. அது ஒவ்வொரு விநாடியும் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதித் திசைமாறுகிறது. சனநெரிசலான புறக்கோட்டைத் தெருவில் அவசரமாகப் போகிறவரின் நிலைதான் அதற்கும். மோதல் என்ற கருத்து இவ்வாறே விஞ்ஞானத்தில் நிலைபெற்றது. செறிவு கூடினால் மோதல் கூடும்; மோதல் கூடினால் தாக்கமும் விரையும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. விநாடிக்குப் பல நூறு கோடி மோதல்கள் நிகழுமாயின், எந்தத் தாக்கமும் கண்ணிமைக்குமுன் முடிந்துவிட வேண்டுமே? இரும்பு துருப்பிடிக்க ஏன் மாதங்கள் செல்கின்றன? மேலும், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆனால் அவ்வளவு வெப்பநிலை உயர்வால் மோதல்களின் எண்ணிக்கையோ நூற்றுக்கு இரண்டு வீதங்கூட அதிகரிப்பதில்லை. மோதலின் எண்ணிக்கை மட்டுமே காரணமாயின் இக்கணக்கு பொருந்தாது.

எல்லா மோதலும் தாக்கமாக மாறுவதில்லை, போதிய சக்தியோடு மோதுபவையே மாறுகின்றன என்ற எண்ணத்தை இன்ஸ்புரூக் நகரின் லியோபோல்ட் பவுண்ட்லர் 1867 இலேயே வெளியிட்டிருந்தார். 1884 இல் வான்ற் ஹொவ் தமது நூலில் வெப்பநிலைக்கும் வேகத்துக்குமுள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். 1889 இல் சுவீடனின் ஸ்வாந்தே அர்ஹீனியஸ், வில்ஹெல்மி தொட்ட அதே சீனிச் சிதைவை மீண்டும் எடுத்துக்கொண்டு, அச்சமன்பாட்டுக்குப் பொருள் சொன்னார். தாக்கத்துக்கு முன்னே ஒரு தடைச்சுவர் இருக்கிறது. அதைத் தாண்டும் சக்தியுடைய மூலக்கூறுகள் மிகச் சிலவே. அச்சுவரின் உயரத்தையே ஏவற்சக்தி என்கிறோம்.

எண்களால் சொன்னால் இது தெளிவாகும். ஒரு மூலுக்கு 53 கிலோயூல் ஏவற்சக்தியுள்ள தாக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். 27 பாகை செல்சியசில் ஏறத்தாழ 170 கோடி மோதல்களில் ஒன்றே சுவரைத் தாண்டும். 37 பாகையில் 85 கோடியில் ஒன்று தாண்டும். மோதல்களின் தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பயன்தரும் மோதல்கள் மட்டும் இரட்டிப்பாகிவிடுகின்றன. கொழும்பில் 1860களில் கொம்பனித்தெருவில் பனிக்கட்டித் தொழில் தொடங்கிய காலந்தொட்டு, முகத்துவாரத்து மீன்வியாபாரி ஐஸ்கட்டிக்குக் காசு கொடுப்பதன் மறைபொருளும் இதுவே. மீனைப் பழுதாக்கும் தாக்கங்களை ஐஸ் நிறுத்துவதில்லை. சுவரைத் தாண்டுவோர் தொகையை அது குறைக்கிறது. வியாபாரி வாங்குவது நேரத்தை.

மோதற் கொள்கைக்கு முழுவடிவம் கிடைத்தது முதலாம் உலகப்போரின் நடுவில். ஜேர்மனியில் மக்ஸ் டிறவுட்ஸ் 1916 இலும், இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் லூயிஸ் 1918 இலும், ஒரே கொள்கையைத் தனித்தனியே வெளியிட்டனர். போர் இரு நாடுகளின் அறிவுத்தொடர்பையும் அறுத்திருந்தமையால் ஒருவர் பணியை மற்றவர் அறியவில்லை. மோதல்கள் எத்தனை, அவற்றுள் சுவரைத் தாண்டுபவை எத்தனை என்று பெருக்கி, ஐதரசன் அயடைட்டின் சிதைவு வேகத்தை லூயிஸ் கணக்கிட்டபோது, அது ஆய்வுகூடத்தில் அளந்த பெறுமானத்தோடு நன்கு ஒத்துவந்தது. சிக்கலான மூலக்கூறுகளுக்கு அக்கணக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. சக்தி போதுமாயினும், மோதும் திசையும் சரியாக அமையவேண்டும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

தனித்த ஒரு மோதலையே பிடித்து ஆராயும் கலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. அதற்காக ஹேர்ஷ்பாக், யுவான் லீ, ஜோன் பொலன்யி ஆகிய மூவரும் 1986 இல் நொபெல் பரிசு பெற்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற என். சத்தியமூர்த்தி, அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றபின் ரொறன்ரோவில் பொலன்யியுடன் பணியாற்றி, பின்னர் கான்பூர் ஐ.ஐ.ரி.யில் மூலக்கூற்று மோதல்களைக் கணிப்பீட்டின் வழி ஆராய்ந்தார் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

இனி நம் கப்பலுக்குத் திரும்புவதற்கு முன் இன்னொருவரைச் சந்திக்க வேண்டும். ரஷ்யாவின் நிக்கொலாய் செமியோனொவ், தாக்கம் வெளிவிடும் வெப்பம் எங்கே போகிறது என்ற கேள்வியை எழுப்பினார். வெப்பம் சுற்றுப்புறத்துக்குக் கசிந்து வெளியேறும் வேகம், வெப்பநிலையோடு சீராகவே உயரும். ஆனால் தாக்கத்தின் வேகம் மடங்கு மடங்காக உயரும். வெளியேறும் வெப்பத்தைவிட உண்டாகும் வெப்பம் மிஞ்சும் ஒரு கட்டம் வந்துவிட்டால், வெப்பம் தாக்கத்தை விரைவாக்கும். விரைந்த தாக்கம் மேலும் வெப்பத்தைத் தரும். 1928 இல் அவர் வகுத்த வெப்பவெடிப்புக் கொள்கையின் சாரம் இது. தாக்க இயக்கவியல் ஆய்வுகளுக்காக அவரும் ஆங்கில அறிஞர் ஹின்ஷெல்வுட்டும் 1956 இல் நொபெல் பரிசைப் பகிர்ந்தனர்.

கொப்பறா ஏற்றிய சரக்கறை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதைக் கப்பற்றுறையினர் நெடுங்காலமாக அறிவர். எண்ணெய் மெல்ல மெல்ல ஒட்சிசனோடு சேர்கிறது. காற்றோட்டமற்ற குவியலின் நடுவே சூடு தங்குகிறது. பல நாள் புழுங்கிக் கிடப்பது ஒரு மணித்தியாலத்தில் எரிகிறது. செமியோனொவ் எழுதிய கணிதம் இதுவே.

இதே கணிதம் எழுதிய மிகக் கொடிய பக்கம் போபால். 1984 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, ஏறத்தாழ 40 தொன் மெதில் ஐசோசயனேற்று இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. அப்பொருள் குளிரூட்டப்பட்ட நிலையில் இருந்திருக்க வேண்டும். குளிரூட்டும் சாதனமோ அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. குளிர் இருந்திருந்தால் தாக்கம் அறவே நிகழாதிருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது மெதுவாக நிகழ்ந்திருக்கும். மனிதருக்கு நேரம் கிடைத்திருக்கும். 2020 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பெய்ரூத்தில் வெடித்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று, ஆண்டுக்கணக்கில் ஒரு களஞ்சியத்தில் கிடந்தது. இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லையே என்ற எண்ணந்தான் இத்தகைய களஞ்சியங்களின் பூட்டாக இருக்கிறது.

செறிந்த நைத்திரிக்கமிலம் வலிமைமிக்க ஒட்சியேற்றி. மரம், கடதாசி, பருத்தி போன்ற பொருள்களின்மேல் பட்டால் அவற்றோடு தாக்கமுற்று வெப்பத்தையும், கபில நிற நச்சுவாயுவையும் வெளிவிடும். மூடிய இடத்தில், நெருக்கமாக அடுக்கிய கொள்கலன்களிடையே, மே மாதத்து வெயிலில், அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. எக்ஸ்-பிரஸ் பேர்ளில் மூண்ட தீயின் தோற்றுவாய் அமிலக் கசிவே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. எந்தப் பொருளோடு எந்த நேரத்தில் அது சேர்ந்தது என்பதை நிபுணர்கள் விவாதிக்கட்டும். இதுவரை கண்ட வரலாறு நமக்குச் சொல்வது வேறொன்று. மெதுவாக நடக்கும் தாக்கம் என்பது அடங்கிய தாக்கமன்று. அங்கேயும் கோடானுகோடி மோதல்கள் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன; சுவரைத் தாண்டுவோர் சிலராக இருக்கும் வரை நமக்கு அவகாசம் உண்டு. ஒன்பது நாள் அவகாசத்தில், ஒரு துறைமுகம் மறுக்க, மறுதுறைமுகமும் கைவிரிக்க, கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது.

இவ்வறிவு நமக்கு எட்டாத அறிவா? இல்லை. தமிழில் இரசாயனம் எழுதும் மரபு இலங்கையில் பழையது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களிலேயே தமிழ்மொழியில் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர். அவர் பதிப்பித்த ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளிவந்தது. வான்ற் ஹொவ்வின் நூல் வெளிவந்த அதே 1884 இல் கிறீன் மறைந்தார். பின்னர் சுயமொழிக் கல்வி வந்தபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் வழியாக நமக்கென ஒரு சொல்வளம் அமைந்தது. தமிழகத்தார் துகள், வேதிவினை, வினையூக்கி என்பவற்றை நாம் துணிக்கை, தாக்கம், ஊக்கி என்கிறோம். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே.

இன்று வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் மாடிக் கட்டடங்களிலும் மாலை வேளைகளில் உயர்தர இரசாயன வகுப்புகள் நடைபெறுகின்றன. தாக்க வீதத்தைப் பாதிக்கும் காரணிகள் எவை என்று கேட்டால், செறிவு, வெப்பநிலை, மேற்பரப்பு, ஊக்கி என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கப்பல் எரிந்து சில மாதங்களின் பின், அயல்வீட்டு மாணவர் ஒருவரிடம் இக்காரணிகளைக் கொண்டு அந்தத் தீயை விளக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். “அங்கிள், அது பாஸ்ட் பேப்பரில வந்ததில்லை” என்றார்.

அவரை நான் குறைசொல்லவில்லை. போட்டிப் பரீட்சை அவர் தலைமேல் தொங்குகிறது. ஆனால் அவருடைய வகுப்பிலிருந்து துறைமுகச் சுவர் நடைதூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எத்தனையோ கொள்கலன்கள் அச்சுவருக்கு அப்பால் ஏறி இறங்குகின்றன. நாளை அவற்றின் சரக்குப் பட்டியலைப் படிக்கும் அதிகாரியாகவும், கசிவு பற்றிய அறிவித்தலைப் பெறும் பொறியியலாளராகவும், அதைப் பற்றி எழுதும் செய்தியாளராகவும் வரப்போகிறவர்கள் இவ்வகுப்புகளில் இருப்பவர்களே. பேர்ள் கப்பலை ஒரு வினாவாக்கிப் பாடநூலில் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எந்தக் கட்டத்தில் என்ன செய்திருந்தால் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று பிள்ளைகள் சிந்திக்கட்டும்.

நட்டஈட்டின் கதை தனியாக நீண்டது. 2023 ஜூலையில் இலண்டன் நீதிமன்றம் கப்பல் தரப்பின் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணுக்கு மட்டுப்படுத்தியது. 2025 ஜூலை 24 ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், நூறு கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்கு உத்தரவிட்டது. இந்நாட்டின் சூழல் வழக்குகளில் இதற்கு ஈடான தொகை வேறில்லை. தொகை கைக்கு வந்தாலும், மணலோடு கலந்த பிளாஸ்ரிக் மணிகளை எல்லாம் பொறுக்கியெடுத்துவிட முடியாது. அடுத்த கசிவு அறிவிக்கப்படும் நாளில் எவரேனும் நாட்காட்டியைப் பார்த்து, நமக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கவேண்டும். அக்கேள்வியைக் கேட்கத் தேவையான இரசாயனம் 1889 இலிருந்தே நம்மிடம் இருக்கிறது.